மூட்டும் மூட்டுதலும்: பல பொருட்களில் ஒரு மனித உடல்

1953-இல் பாலஸ்தீனத்தில் ஜெரிக்கோ என்ற பழைய ஊரின் மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்த கேத்லீன் கென்யனின் அகழாய்வுக் குழுவுக்குச் சில மண்டை ஓடுகள் கிடைத்தன. எலும்பின் மேல் சாந்து பூசி, அந்தச் சாந்திலேயே கன்னம், மூக்கு, உதடு எல்லாம் பிடித்து, கண்குழிகளில் சிப்பி பதித்திருந்தார்கள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கைவேலை. அதைச் செய்தவர்களிடம் ‘சிற்பம்’ என்று ஒரு சொல் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் வேலையைப் பாருங்கள்: எலும்பு தாங்குகிறது, சாந்து சதையாகிறது, சிப்பி நம்மைப் பார்க்கிறது. எந்தப் பொருளுக்கு எந்த வேலை வருமோ அந்த வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மிக்சட் மீடியா, தமிழில் கலப்பு ஊடகம் என்கிறோமே, அது இவ்வளவுதான். ஒரே கல், ஒரே மரம், ஒரே உலோகம் என்று நின்றுவிடாமல், வெவ்வேறு குணமுள்ள பொருட்களைச் சேர்த்து ஓர் உருவம் செய்வது. பெயர்தான் புதுசு. ஜோர்டானில் ஐன் கசால் என்ற இடத்தில் 1983-இல் கிடைத்த உருவங்களும் ஏறக்குறைய அதே பழமை கொண்டவை. நாணல் கட்டைக் கயிற்றால் இறுக்கி, மேலே சுண்ணச் சாந்து பூசி, கண்ணுக்கு நிலக்கீலால் கோடிழுத்தவை. 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கடலோரத்தில் கண்டெடுத்த இரண்டு கிரேக்க வீரர்களை ‘வெண்கலச் சிலைகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களுடைய உதடு செம்பு. ஒருவனுடைய பற்கள் வெள்ளி.

அப்படியென்றால் சிற்பம் என்றதும் ஒரே பொருளாலான உருவம் ஏன் மனதில் வருகிறது? அருங்காட்சியகங்களில் நிற்கும் வெள்ளைப் பளிங்கு உடல்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவற்றில் பலவும் ஒரு காலத்தில் வண்ணம் பூசி நின்றவை. வண்ணம் போய்விட்டது, வெள்ளை தங்கிவிட்டது, அந்த வெள்ளையையே பிற்காலத்தவர்கள் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். 1912-இல் உம்பெர்த்தோ பொச்சோனி என்ற இத்தாலியச் சிற்பி ஓர் அறிக்கையே எழுதி அந்த இலக்கணத்தை உடைத்தார். கண்ணாடி, மரம், அட்டை, இரும்பு, சிமெண்ட், குதிரைமுடி, தோல், துணி, மின்விளக்கு என்று அடுக்கி, ஒரே படைப்பில் 20 பொருட்கள் வரைகூட வரலாம் என்றார்.

இருபது பொருள் வரலாம், சரி. அவை எப்படி ஒன்றாக நிற்கும்? தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பொருளைச் சேர்ப்பது என்றே யோசிக்கிறார்கள். கைவைத்துச் செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு: ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம். தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது. முழங்காலும் முழங்கையும் மூட்டு. கைலியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதும் மூட்டுவதுதான். உடலில் எலும்போடு எலும்பு சேரும் இடத்துக்கும், துணியோடு துணி சேரும் இடத்துக்கும் ஒரே வேர். கலப்பு ஊடகத்தில் மனித உடலைச் செய்பவரின் வேலை முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரிவாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகா 1881-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் உருவம். உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இன்று பல அருங்காட்சியகங்களில் இருப்பவை அவர் 1917-இல் இறந்த பிறகு வார்த்த வெண்கலப் பிரதிகள். அவர் கையால் செய்த மூல உருவம் மெழுகு. அதுவும் வெறும் மெழுகு கிடையாது. தலையில் முடியால் செய்த விக், உடம்பில் துணி ரவிக்கை, காலில் நடனக் காலணி, இடுப்பில் நிஜமான வலைத்துணிப் பாவாடை, பின்னலில் நிஜ ரிப்பன். அன்றைய விமரிசகர்கள் சிலர் மிரண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததால் மருத்துவக் கல்லூரிப் பொருள்போல இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள்.

அவர் அந்தப் பொருட்களை எப்படிச் சேர்த்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ரவிக்கையின் மேலும் காலணியின் மேலும் முடியின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்திருக்கிறார். அதனால் உடலிலிருந்து உடைக்குப் போகும் இடத்தில் கண் தடுக்குவதில்லை. தோல் அப்படியே துணியாகிவிடுகிறது. பாவாடையிலும் ரிப்பனிலும் மட்டும் மெழுகு கிடையாது. அங்கே கண் சட்டென்று தடுக்கும். அதுவரை ‘உருவம்’ என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த இடத்தில் நம் வீட்டு அலமாரியில் இருப்பதுபோல ஒரு நிஜப் பொருள் தென்படுகிறது. எங்கே மூட்டை மறைப்பது, எங்கே காட்டுவது என்று தெகா ஒரே உருவத்துக்குள் இரண்டு முடிவு எடுத்திருக்கிறார். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, உள்ளே கம்பி, மரம், கயிறு இவற்றோடு பழைய தூரிகைக் காம்புகளும் இருந்தன. ஓவியருக்குக் கைக்குக் கிடைத்த எலும்பு அது.

இனி வேலைக்கு வருவோம். ‘சிற்பிக்கு உத்வேகம் எப்படிப் பிறக்கிறது’ என்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அதை யாராலும் சொல்லித்தர முடியாது. வேலை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லலாம். சிலர் உடலிலிருந்து தொடங்குகிறார்கள்: ஒரு நிற்கும் நிலை, ஒரு முதுகு வளைவு. அதற்கேற்ற பொருளை அப்புறம் தேடுகிறார்கள். சிலர் பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015) சாயம் தோய்த்த சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார். முன்கூட்டி வரைந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. முடிச்சின் கனத்தில் கயிறு தொங்கி மடிந்த விதமே மடியாகவும் தொடையாகவும் உதடாகவும் ஆனது. இந்த இரண்டு வழிகளில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். இரண்டாவதில் திட்டமிடாத நல்ல விபத்துகள் அதிகம், வீணாகும் பொருளும் அதிகம்.

எப்படித் தொடங்கினாலும் முதலில் நிற்க வேண்டும். உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும். ஸ்டுடியோவில் ஆர்மேச்சர் என்பார்கள். உள்சட்டம் என்று சொல்லலாம். சிறிய உருவத்துக்கு அலுமினியக் கம்பி, பெரியதற்கு இரும்புக் குழாய், வயிறும் தொடையும் பருத்து வர வேண்டிய இடத்தில் கோழிவலை. களிமண் தன் கனத்தாலேயே கீழே சரியும் என்பதால், இரண்டு சிறு மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டி உள்சட்டத்திலிருந்து தொங்கவிடுவார்கள். மண் அதைப் பற்றிக்கொள்ளும்.

கம்பியை வெட்டுவதற்கு முன்பே அளவு தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த மனித உடல் பொதுவாக ஏழரைத் தலை உயரம். 40 செ.மீ. உருவம் என்றால் தலை 5 செ.மீ.க்குச் சற்று மேல். சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு, எந்த உருவம் எத்தனை தாலம் என்று வகுத்தன. கணக்கு எதுவாக இருந்தாலும் கம்பியில் தவறினால் மண்ணில் திருத்த முடியாது. அளவைவிட முக்கியமானது கனம் இறங்கும் கோடு. எழுந்து நின்று ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டுப் பாருங்கள். பாரம் உள்ள பக்கம் இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே போய் விழும். இந்தக் கோடு தவறிய உருவம் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் விழப்போவதுபோலவே தெரியும். நான் முதலில் செய்த உருவம் தெரிவதோடு நிற்கவில்லை. மெல்லிய கம்பியில் அளவுக்கு மீறி மண் அப்பி இரவு மூடிவைத்தேன். காலையில் பார்த்தால் ஆள் மண்டியிட்டிருந்தார். நான் யோசித்து நிற்கவைத்ததைவிட அவர் தானாக மண்டியிட்டது நன்றாக இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கும் உண்டு. அதே உருவத்தை இரண்டு மடங்கு உயரத்தில் செய்தால் கனம் எட்டு மடங்காகும். தாங்கும் காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். அதனால்தான் சிறு மாதிரியில் கம்பீரமாக நின்றது, பெரிதாக்கும்போது கணுக்காலில் முறிகிறது. பெரிய உருவங்களை உள்ளே கூடாக, ஃபைபர் கிளாஸில் செய்வதற்கு ஒரு காரணம் இது.

உடலைப் பார்த்துச் செய்வது ஒன்று, உடலிலிருந்தே அச்செடுப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நீண்ட நாள் கெட்ட பெயர் இருந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1877-இல் தன் முதல் பெரிய ஆண் உருவத்தைக் காட்டியபோது, ஆளின் மேலேயே அச்செடுத்துவிட்டார் என்று பழி வந்தது. அப்படிச் செய்யவில்லை என்று நிரூபிக்க அவர் படாதபாடு பட்டார். 1961-இல் ஜார்ஜ் சீகல் என்ற அமெரிக்கர், எலும்பு முறிவுக்குப் போடும் பிளாஸ்டர் பேண்டேஜை நனைத்து ஆட்களின் மேலேயே சுற்றி, இறுகியதும் வெட்டியெடுத்து மறுபடி ஒட்டி, அந்தக் கூட்டையே சிற்பமாக நிறுத்தினார். உள்பக்க அச்சிலிருந்து தோலின் துல்லியம் கிடைக்குமே என்று கேட்கலாம். அவர் வெளிப்பக்கச் சொரசொரப்பைத்தான் காட்டினார். அந்த மங்கலான வெள்ளை மனிதர்களை நிஜ நாற்காலியிலும் நிஜ மேசையிலும் உட்கார வைத்தார். நாற்காலி தெளிவாக இருக்கிறது, ஆள்தான் தெளிவில்லாமல் இருக்கிறார்.

வீட்டில் முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும். கெட்டியான கட்டியாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். கையை அப்படியே பிளாஸ்டர் நிரப்பிய பாத்திரத்துக்குள் விட்டு, எடுக்க முடியாமல் விரல்களை இழந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. உடம்பின் மேல் நேரடியாகப் போடுவதென்றால் மெல்லிய பேண்டேஜ் துணி மட்டும், அதுவும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, முடி மேல் படாமல். கைக்கு அல்ஜினேட் நல்லது: கடற்பாசியிலிருந்து எடுப்பது, பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துவது, சில நிமிடங்களில் ரப்பர்போல இறுகும், ரேகைவரை பதியும். ஆனால் அதிலுள்ள நீர் ஆவியாக ஆவியாக அச்சு சுருங்கிவிடும். அன்றைக்கே உள்ளே பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும். முகத்தில் அச்செடுப்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

அச்சு துல்லியமாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. துல்லியமான ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆன்டனி கோர்ம்லி தன் உடலையே பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன் மேல் ஈயத் தகட்டைத் தட்டிப் பொருத்தினார். தகடுகள் சேரும் பற்றவைப்புக் கோடுகள் உடம்பின் குறுக்கேயும் நெடுக்கேயும் வெளிப்படையாக ஓடும். முகத்தின் நுணுக்கம் எதுவும் ஈயத்தில் இல்லை. அவர் அச்செடுத்தது இந்த இடத்தில் ஒரு உடல் இருந்தது என்பதற்காக மட்டும் போலிருக்கிறது. மறுபுறம் ரான் மியூக் தோலின் துளைகள்வரை செய்பவர். ஆனால் அளவை மாற்றிவிடுவார். இறந்துபோன தன் தந்தையை அவர் 1996–97-இல் சிலிக்கோனில் செய்தார். உருவம் நிஜ அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். அதன் தலையில் இருப்பது மியூக்கின் சொந்த முடி. இவ்வளவு நிஜமான ஒருவர் இவ்வளவு சிறிதாகத் தரையில் கிடக்கும்போது, பார்ப்பவர் தானாகவே குனிகிறார்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ‘மெழுகு என்றால் மரணம், இரும்பு என்றால் வலிமை’ என்ற மாதிரி அகராதி போடுபவர்களை நான் நம்புவதில்லை. பொருள் என்ன செய்யும் என்று பார்ப்பதே நல்ல வழி. தொட்டால் குளிருமா, தொங்குமா, மஞ்சளாகுமா, கரையுமா? பார்ப்பவர் ஒவ்வொரு பொருளையும் முன்பே தன் தோலால் அறிந்தவர். அருங்காட்சியகத்தில் தொடாமலேயே அந்த ஞாபகம் வேலை செய்யும். ஜனின் அன்டோனி 1993-இல் தன் மார்பளவு உருவத்தை அச்செடுத்து, சாக்லேட்டில் ஏழு, சோப்பில் ஏழு என வார்த்தார். பிறகு சாக்லேட் முகங்களை நக்கியும் சோப்பு முகங்களைக் குளிப்பாட்டியும் தேய்த்தார். உளி அவர் நாக்கு. அந்த வேலையை வெண்கலத்தில் செய்ய முடியாது என்பதே அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கான நியாயம். மார்க் குவின் 1991-இல் தன் தலையைத் தன் ரத்தத்திலேயே வார்த்து உறையவைத்தார். ஏறத்தாழ நாலரை லிட்டர். குளிர்ப்பெட்டியின் மின்சாரம் நின்றால் தலையும் நிற்காது. போலந்தில் பிறந்த அலினா ஷபோச்னிகோவ் 1960-களில் உதட்டை அச்செடுத்து வண்ணப் பாலியெஸ்டர் ரெசினில் வார்த்து, உள்ளே பல்பு வைத்து மேசைவிளக்காக்கினார். ரெசின் ஒளியை ஊடுருவவிடும் என்பதால் அங்கே சதை எரிகிறது.

சரி, இப்போது மூட்டுக்கு. பொருட்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஈரக் களிமண் காயும்போதே சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகலாம். உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. அதனால் கம்பி மேல் களிமண்ணைப் பூசிக் காயவைத்தால் வெடிப்பது உறுதி. கம்பி வைத்த களிமண் உருவம் அச்செடுக்க மட்டும்தான். சூளைக்குப் போக வேண்டுமென்றால் கம்பியை எடுத்து உள்ளே குடைந்தாக வேண்டும். இரும்பைப் பிளாஸ்டரில் பதித்தால் ஈரத்தில் துருப்பிடித்து, ஒரு நாள் பழுப்புக் கறை மேலே வரும். மரம் ஈரப்பதத்துக்கேற்ப ஊதிச் சுருங்கும்; அதில் இறுக்கமாக ஒட்டிய கண்ணாடி தெறிக்கும். கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணின் மேல் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை ஊற்றினால் அது இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். முதல்முறை இதில் மாட்டாதவர் குறைவு.

இதற்கெல்லாம் பசை மட்டும் பதிலாகாது. பசை மேற்பரப்பைத்தான் பிடிக்கும். மேற்பரப்பு உரிந்தால் போயிற்று. அனுபவசாலிகள் முதலில் கைப்பிடிப்பு உள்ள மூட்டைச் செய்வார்கள்: இரண்டு பக்கமும் துளையிட்டு முளை இறக்குவது, தைப்பது, கட்டுவது, ஆணியடிப்பது. எபாக்ஸிப் பசை அதற்குத் துணையாக வரும். அசையும் பொருளாக இருந்தால் அசைய இடம்விட்டுக் கட்டுவார்கள். நம் முழங்காலிலும் இதேதான் நடக்கிறது. எலும்போடு எலும்பை ஒட்டவில்லை, நாரால் கட்டியிருக்கிறது.

அப்புறம் அந்தத் தெகா கேள்வி: மறைப்பதா, காட்டுவதா? லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி, சித்திரம் நெய்த திரைச்சீலைகளை (டேபஸ்ட்ரி) பழுதுபார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். தன் எண்பதுகளிலும் அதற்குப் பிறகும், சேர்த்துவைத்த பழைய துணிகளை வெட்டித் தலைகளும் உடல்களும் தைத்தார். நேர்த்தியாகத் தைக்கத் தெரிந்த கை அது. இருந்தும் தையல்கள் காயத்தில் போட்டவைபோலக் கோணலாகத் தெரிகின்றன. அங்கே மூட்டுதான் முகபாவம். மியூக்கின் வேலையிலோ ஒரு முடி நடும் துளை தெரிந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். மோசமான கலப்பு ஊடகச் சிற்பம் எனக்குத் தட்டுப்படும்போதெல்லாம் காரணம் ஒன்றாகவே இருக்கிறது: மூட்டை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை; பசை வழிந்த இடத்தில் கொஞ்சம் பெயிண்ட் அடித்துச் சமாளித்திருப்பார்கள்.

நீண்ட நாள் நிலைக்குமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஈவா ஹெஸ் என்ற சிற்பி (1936–1970) லேடெக்ஸில், அதாவது ரப்பர் பாலில், செய்தவை அன்று தோல்போல ஒளி கசிய நின்றன. பல இன்று கறுத்து, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன. லேடெக்ஸ் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே பயன்படுத்தினார்.

செய்து பார்க்க விரும்பினால் முழு உடலுக்குப் போகாதீர்கள். ஒரு கை போதும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு காய்ந்த மரக்கிளை. உள்ளங்கையும் விரல்களும் வேறு ஏதாவது: கம்பியில் சுற்றிய துணி, காகிதக் கூழ், மெழுகு. விரலைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாமல் மணிக்கட்டை மட்டும் மூன்று விதமாகச் செய்யுங்கள். முதலில் துணியை மரத்தின் மேல் ஏற்றி, எங்கே முடிகிறது என்று தெரியாதபடி மெழுகு பூசுங்கள். அடுத்து மரத்தைத் துளையிட்டுத் தடித்த நூலால் எல்லோரும் பார்க்கும்படி தையுங்கள். மூன்றாவதில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, வெறும் கம்பி மட்டும் தெரிய நிறுத்துங்கள். மூன்றையும் ஒரு நாள் ஜன்னலோரம் வைத்துவிட்டு, மறுநாள் அந்தப் பக்கமாக நடந்து போகும்போது எந்த மணிக்கட்டு உங்கள் மணிக்கட்டில் வலிக்கிறது என்று பாருங்கள். அடுத்த வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.